பாலே டர்ன்அவுட் சுழல் தட்டு: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

டர்ன்அவுட் என்றால் பாலேயில் கால்களை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திருப்பி நிற்பது. அதைப் பழகுவதற்காக பாலே கற்பவர்களுக்கு விற்கும் டர்ன்அவுட் தட்டுகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, சரி நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பொருள். கொடுத்த காசுக்கு மேலேயே எனக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். டர்ன்அவுட்டைக் கூட்டித் தரும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எலும்பு கொடுக்காததை எந்தத் தட்டும் கொடுத்துவிடாது. உங்கள் இடுப்பு மூட்டிலிருந்து உண்மையிலேயே எவ்வளவு வருகிறது என்பதை ஒளிக்காமல் காட்டும், அந்த அளவைத் தசையால் பிடித்து நிற்க உங்களைப் பழக்கும், இந்த இரண்டு வேலையையும் அருமையாகச் செய்கிறது.

நான் லண்டனில் இருக்கிறேன், வேலை முடிந்து மாலையில் பெரியவர்களுக்கான பாலே வகுப்புக்குப் போகிறவள். சின்ன வயதில் பரதம் ஆடியிருக்கிறேன், அதனால் கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் முழங்கால் மடக்கிய அரைமண்டியில் திருப்பி நிற்பதும், முழங்காலை நீட்டி ஃபர்ஸ்ட் பொசிஷனில் (குதிகால்கள் சேர்ந்து, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும் நிலை) திருப்பி நிற்பதும் ஒன்றல்ல, அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். இரண்டு வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கீழ்த்தட்டு தரையில் அசையாமல் இருக்கும், மேல்தட்டு நடுவில் இருக்கும் பால் பேரிங் மேல் சுழலும். ஒரு காலுக்கு ஒரு தட்டு. மேலே பாதம் வழுக்காமல் இருக்க மெல்லிய நுரை ஒட்டியிருக்கிறது, விளிம்பைச் சுற்றி டிகிரி கோடுகள். நான் கொடுத்தது 38 பவுண்டு. இதே வடிவத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள், பிசியோ கூடங்களிலும் பிலாடீஸ் கூடங்களிலும் வைத்திருக்கும் கனமான உலோகத் தட்டு இதைவிட நன்றாக இருக்கும், விலையும் இதைவிட அதிகம். இன்னொன்று, தேடும்போது பைரூவெட் சுற்றப் பழகுவதற்கான வளைந்த பிளாஸ்டிக் பலகை ஒன்றும் கூடவே வரும், ஒற்றைக் காலை வைத்துச் சுற்றுவது. அதுவும் "டர்ன்" என்ற பெயரோடுதான் வருகிறது. அது வேறு சாமான், இங்கே நான் சொல்வது அது இல்லை.

இனி இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று புரிய வேண்டுமென்றால் இடுப்பு மூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் தட்டை வாங்குவது வீண்.

பாலேயில் கால்களை வெளிப்பக்கம் திருப்பும் வழக்கம் பிரெஞ்சு அரசவையிலிருந்து வந்தது. பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென்று அகாதமி தொடங்கினார், அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷான்தான் ஐந்து அடிப்படை நிலைகளையும் வகுத்தவர் என்று சொல்வது வழக்கம். அன்றைக்கு இருந்த டர்ன்அவுட் இன்றைக்குப் பார்க்கிற அளவுக்கு இல்லை. நூற்றாண்டுகள் போகப் போகத்தான் இரண்டு பாதமும் ஒரே கோட்டில், 180 டிகிரியில் நிற்பது இலட்சியமாக ஆனது. அழகுக்காக மட்டும் வந்ததும் இல்லை. காலைத் திருப்பினால்தான் தொடை எலும்பின் மேல்புடைப்பு இடுப்பில் இடிக்காமல் காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்க முடியும், நேராக வைத்துத் தூக்கிப் பாருங்கள், ஓர் உயரத்தில் முட்டி நின்றுவிடும்.

180 வேண்டுமென்றால் ஒரு காலுக்கு 90. வளர்ந்த மனிதரின் இடுப்பு மூட்டு வெளிப்பக்கமாகச் சுழல்வதோ சராசரியாக 40, 45 டிகிரிதான். பயிற்சி பெற்ற நடனக்காரர்களில் சிலருக்கு 60, அதற்கு மேலும் இருக்கலாம். மிச்சத்தில் ஒரு பங்கு முழங்காலுக்குக் கீழே எலும்பே கொஞ்சம் வெளிப்பக்கம் முறுகியிருப்பதால் வரும், ஒரு சிறு பங்கு கணுக்காலும் பாதமும் தருவது. அதற்கும் மேலே காட்டுகிறீர்கள் என்றால் எங்கேயோ கடன் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். கடன் கொடுப்பது பெரும்பாலும் பாதவளைவு, முழங்கால், கீழ்முதுகு, இந்த மூன்றுதான்.

ஒருவருக்கு அதிகமும் இன்னொருவருக்குக் குறைவும் ஏன் என்றால், முதல் காரணம் எலும்பின் வடிவம். தொடை எலும்பின் கழுத்து முன்பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும். பிறக்கும்போது இந்தக் கோணம் 40 டிகிரி வரைக்கும் இருக்கலாம், வளர வளரக் குறைந்து பெரியவர்களில் 15 டிகிரி போல வந்து நிற்கும். அது குறைந்தவர்களுக்கு டர்ன்அவுட் எளிது, குறையாமல் நின்றுவிட்டவர்களுக்குக் கால் உள்பக்கம்தான் சுலபமாகத் திரும்பும். கிண்ணம் போன்ற இடுப்புக் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் சேரும். வளர்ந்து முடித்த பிறகு இந்த இரண்டையும் உடற்பயிற்சியால் மாற்ற முடியாது. என் வகுப்பில் பக்கத்தில் நிற்பவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் வந்த முதல் நாளே ஃபிஃப்த் பொசிஷனில் (ஒரு பாதத்தின் முன்னே இன்னொன்றை ஒட்டிக் குறுக்காக வைக்கும் நிலை) அழகாக நின்றார், அது அவருடைய எலும்பு.

அடுத்தது இலியோஃபெமரல் லிகமென்ட், அதாவது இடுப்பெலும்பையும் தொடை எலும்பையும் இணைக்கும் தசைநார். மூட்டின் முன்பக்கம் தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி படர்ந்திருக்கும், மனித உடலிலேயே மிக வலுவான லிகமென்ட் என்று இதைச் சொல்வார்கள். நீங்கள் நேராக நிமிர்ந்து நிற்கும்போது இது விறைத்துக்கொண்டு தொடை வெளிப்பக்கம் சுழல்வதைத் தடுக்கும். இடுப்பை மடக்கினால் தளர்ந்துவிடும். அதனால்தான் பிளியேயில், அதாவது முழங்காலை மடக்கி இறங்கும்போது கூடுதலாகத் திரும்புகிறது, நிமிரும்போது குறைகிறது. அரைமண்டிக்கும் ஃபர்ஸ்ட் பொசிஷனுக்கும் உள்ள வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. பரதம் ஆடி வந்தவர்கள் பாலே வகுப்பில் பிளியேயில் நன்றாகத் தெரிவார்கள், கால் நீட்டியதும் டர்ன்அவுட் போய்விடும். எனக்கும் அப்படித்தான். அது சோம்பல் இல்லை, அந்தக் கட்டத்தில் லிகமென்ட் இழுக்கிறது, அதற்கு எதிராகத் தசை வேலை செய்ய இன்னும் பழகவில்லை.

இதே லிகமென்ட்தான் முதுகை வளைக்கும் பழக்கத்துக்கும் காரணம். இடுப்பை முன்பக்கமாகக் கவிழ்த்து, பின்பக்கத்தைத் தூக்கி, கீழ்முதுகை வளைத்து நின்றால் லிகமென்ட் தளரும், உடனே பாதம் இன்னும் கொஞ்சம் விரியும். கண்ணாடியில் கால் மட்டும் பார்ப்பவர்களுக்கு முன்னேற்றம் போலத் தெரியும். இளம் வயதில் கடுமையாகப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசல் வருவதற்கு இப்படி வளைத்து வளைத்து ஆடுவதும் ஒரு காரணம். பாதத்தை உள்பக்கம் சரித்து நிற்பவர்களுக்குப் பாதவளைவு வலி, கணுக்காலின் உள்புறத்தில் தசைநாண் வீக்கம், பெருவிரல் மூட்டில் தொல்லை. முழங்காலை முறுக்குபவர்களுக்கு முழங்காலின் உள்பக்கமும் சில்லைச் சுற்றியும் வலி. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: இடுப்பில் இல்லாததைத் தரையில் காட்டப் பார்ப்பது.

தரையில் எப்படிக் காட்ட முடிகிறது? உராய்வு. கொஞ்சம் முழங்காலை மடக்கி, பாதங்களை நன்றாக விரித்துத் தரையில் பதித்துவிட்டு, அப்புறம் முழங்காலை நீட்டுங்கள். பாதம் தரையைக் கவ்விக்கொண்டு நகராது, தொடையோ அந்த அளவுக்குத் திரும்பவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது முழங்கால். மடங்கியிருக்கும்போது முழங்கால் சற்றுச் சுழன்று கொடுக்கும், நீண்டதும் பூட்டிக்கொள்ளும், அதனால்தான் இந்த முறை இவ்வளவு ஆபத்து.

தட்டின் மொத்த அருமையும் இங்கே இருக்கிறது. அது உராய்வை எடுத்துவிடுகிறது. பேரிங் மேல் நிற்கும் பாதத்துக்குக் கவ்விப் பிடிக்க ஒன்றும் கிடையாது. தொடையைச் சுழற்றும் தசை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் பாதம் நிற்கும், தசை விட்டதும் தட்டு தானாக உள்ளே திரும்பிவிடும்.

நான் தரையில் ஃபர்ஸ்ட் பொசிஷனில் நிற்கும்போது இரண்டு பாதங்களுக்கும் நடுவே 140 டிகிரி போல இருக்கும். தட்டில் ஏறி, பாதங்களை இணையாக வைத்து, பாரை (பயிற்சிக்குப் பிடித்துக்கொள்ளும் கம்பி) பிடிக்காமல் மெல்லத் திருப்பினேன். 100ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போக நினைத்தபோது நடந்ததைச் சொன்னால்தான் இந்தப் பொருள் புரியும். முதலில் பிட்டத்தை இறுக்கினேன், இடுப்பு அடியில் சுருண்டு முன்னால் தள்ளியது, தட்டு ஒரு கோடுகூட நகரவில்லை. அடுத்து மூச்சை இழுத்து நெஞ்சைத் தூக்கினேன், முதுகு வளைந்தது, தட்டு இரண்டும் ஆளுக்கு ஓரிரு கோடு வெளியே போனது, வயிற்றைச் சேர்த்து முதுகை நேராக்கியதும் அதே கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. வலது கால் தட்டு வேறு தனியாகச் சிறிது உள்ளே வழுகிக்கொண்டே இருந்தது. எனக்கு இடது பக்கம் வலிமை அதிகம் என்பதை அத்தனை காலம் எந்த வகுப்பும் சொன்னதில்லை, தட்டு சொல்லிவிட்டது.

இதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 140க்கும் 100க்கும் நடுவிலான அந்த 40 டிகிரிதான் இவ்வளவு காலம் பாதமும் முழங்காலும் சுமந்த பாரம். அது தெரிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் வகுப்பில் பாரில் நன்றாக நிற்பேன், பாரை விட்டு அறையின் நடுவே வந்ததும் எல்லாம் கலைந்துவிடும், ரெலவேயில், அதாவது குதிகாலைத் தூக்கி நிற்கும்போது, கணுக்கால் ஆடும், காரணமே பிடிபடாமல் இருந்தது.

சரி, பயன்படுத்துவது எப்படி. பெட்டியில் வந்த துண்டுச்சீட்டில் நான்கு படங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றில் அந்தப் பெண் முதுகை வளைத்துத்தான் நிற்கிறாள், அதை நம்பாதீர்கள். எனக்கு ஒத்துவந்தது இது. முதலில் கண்ணாடி முன்னால், பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி முதுகோ பாரோ கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். வெறுங்கால். பாதங்கள் இணையாக. பாதத்தில் மூன்று இடம் அழுந்த வேண்டும்: பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகாலின் நடு. இடுப்பின் முன்பக்கம் கையை வைத்தால் இரண்டு எலும்பு முனை தட்டுப்படும், கீழே அடிவயிறு முடியும் இடத்தில் ஒரு எலும்பு, இந்த மூன்றும் சுவரைப் போல ஒரே நேர்த்தளத்தில் இருக்க வேண்டும், முன்னே கவிழவும் கூடாது பின்னே சுருளவும் கூடாது. விலாவை மூடி வையுங்கள். அதன் பிறகு பாதத்தை மறந்துவிட்டு, தொடையின் மேல்பாகம் குழிக்குள் சுழல்வதாக எண்ணித் திருப்புங்கள். பிட்டத்தின் பெரிய தசைக்கு அடியில் ஆறு சிறிய தசைகள் இருக்கின்றன, பிரிஃபார்மிஸ், இரண்டு ஆப்ட்யுரேட்டர், இரண்டு ஜெமெல்லஸ், குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ். வேலை அவற்றில் நடக்க வேண்டும். உட்காரும் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளே ஆழத்தில் ஒரு சூடு தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பிட்டம் முழுக்கக் கல்லாக இறுகினால் இல்லை.

வந்த இடத்தில் நிறுத்தி நாலு மூச்சு. அதன் பிறகு திரும்பி வருவதை மெதுவாகச் செய்யுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே போவதைவிட, தட்டு தானாக உள்ளே சுற்றிவிடாமல் அணுஅணுவாக விட்டுக்கொடுத்து வருவதுதான் தசைக்குக் கடினமான வேலை, பலனும் அதில் அதிகம். அது கைவந்த பிறகு சின்ன டெமி பிளியே (பாதி பிளியே) சேர்க்கலாம். முழங்கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேர் மேலே போகிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தால் கோணத்தைக் குறையுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிளியேயிலிருந்து எழும்போது பாதம் சற்று உள்ளே வரும், வரட்டும், அதுதான் உங்கள் நீட்டிய காலின் உண்மையான கோணம். தடுத்து நிறுத்த முயன்றால் தரையில் செய்த அதே முறுக்கை இங்கேயும் செய்கிறீர்கள்.

உடனே இறங்கி, தரையில் அதே கோணத்தில் நின்று சில தான்தூ (பாதத்தைத் தரையோடு உரசிக் காலை நீட்டி மீட்பது) செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் பாதிப் பலன் போய்விடும். தட்டில் கற்ற உணர்வைத் தரைக்குக் கொண்டுவர வேண்டுமே, மேடையில் யாரும் தட்டு போட்டு ஆடுவதில்லை. நிற்கும் கால் பிடித்திருக்க, நீட்டும் கால் போய் வரும்போது இடுப்பு அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். என் டர்ன்அவுட் வகுப்பில் இப்போது முன்பைவிடக் குறுகலாகத்தான் தெரிகிறது. ஆனால் நடுவே வந்தாலும் அப்படியே இருக்கிறது, கணுக்கால் ஆட்டம் அடங்கிவிட்டது, டீச்சரும் என் பாதத்தைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கைகளைத் திருத்த ஆரம்பித்திருக்கிறார். தட்டில் கோணம் கூடியிருக்கிறதா என்றால், சற்றே கூடியிருக்கிறது. அது எலும்பு மாறியதால் வந்ததல்ல. மூட்டு அனுமதிக்கும் அளவு ஒன்று, தசை எட்டிப்பிடிக்கும் அளவு இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பயிற்சி அந்த இடைவெளியை நிரப்பும். அது நிரம்பியதும் நின்றுவிடும்.

உங்கள் மூட்டின் எல்லை எது என்று தெரிய நல்ல பிசியோவிடம் ஒருமுறை போய்வாருங்கள். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை 90 டிகிரிக்கு மடக்கி, கீழ்க்காலை மற்ற காலின் பக்கமாகச் சாய்த்து கோணமானியால் அளப்பார்கள். சில நிமிட வேலை. இங்கே பிரிட்டனில் நடன மருத்துவத்துக்கென்றே 2012இல் தேசிய நிறுவனம் ஒன்று தொடங்கி, நடனக்காரர்களுக்கான என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைப் பிரிவுகளும் வந்தன, காயம் இருப்பவர்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். தட்டின் விலையையும் பிசியோவின் கட்டணத்தையும் வைத்து ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பிசியோவிடம் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தட்டு கண்டுபிடிக்காதது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். முதுகு வளைவை அது கண்டுபிடிக்காது. மேலே சொன்னேனே, நெஞ்சைத் தூக்கியதும் அதுவும் கூடவே வெளியே போனது. பாதம் சற்று உள்ளே சரிவதையும் பொறுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியோ, போனில் எடுத்த வீடியோவோ இல்லாமல் செய்தால் கெட்ட பழக்கத்தையே வலுவாக்கிக்கொள்வீர்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, உராய்வு இல்லாததால் வேகமாகத் திருப்பினால் தட்டு உங்கள் இடுப்பையும் தாண்டிப் போய்விடும், பாதம் போன பக்கம் முழங்கால் முறுகும். வேகம் கூடாது, கையால் தட்டைத் தள்ளிவிடுவதும் கூடாது. முழங்காலில் ஏற்கெனவே காயம் உள்ளவர்கள் பிசியோவைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

இப்போது தயாரிப்பைப் பற்றி. இதில் எனக்குக் குறை இருக்கிறது. வந்த ஜோடியில் ஒரு தட்டு வெண்ணெயாகச் சுழன்றது, இன்னொன்றில் கரகரவென்று ஒரு சத்தம், பாதி வழியில் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. மற்ற சாமானில் இது சின்னக் குறை, இதில் முழுப் பயனையும் கெடுத்துவிடும், ஏனென்றால் இறுக்கமான தட்டில் உராய்வு இருக்கிறது, அந்தக் காலின் கோணம் பொய். எந்தக் கால் பலவீனம் என்று தட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறோம், தட்டே ஒருபக்கம் சாய்ந்தால் எப்படி? கடைக்கு எழுதினேன், முதலில் எண்ணெய் விடச் சொன்னார்கள், பதில் வரவே நாளாகியது, வீடியோ அனுப்பிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். வாங்கியதும் இதைச் செய்யுங்கள்: இரண்டையும் மேசையில் வைத்து ஒரே அளவு விசையில் ஒரு சுண்டு சுண்டுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் சுற்ற வேண்டும். பிறகு உங்கள் எடையோடு ஏறி நின்றும் பாருங்கள், சில தட்டுகள் வெறுமனே நன்றாகச் சுற்றும், ஆள் ஏறியதும் பிடித்துக்கொள்ளும். பயிற்சியில் வலது தட்டையும் இடது தட்டையும் அவ்வப்போது மாற்றிப் போடுவதும் நல்லது.

அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் வளையம் மரத் தரையில் சுமாராகத்தான் பிடிக்கிறது, ஏறி இறங்கும்போது தட்டே நகர்கிறது. கீழே யோகா பாய் விரித்தால் நகராது, ஆனால் பாய் தடிமனாக இருந்தால் தட்டு ஒரு பக்கம் அமுங்கிக் கணுக்கால் சரியும், மெல்லிய பாயாக இருக்கட்டும். கம்பளத்தில் வேண்டவே வேண்டாம். டிகிரி கோடுகள் வெறும் ஸ்டிக்கர், வியர்வைக் கால் பட்டு உரிய ஆரம்பித்துவிட்டது, நான் மார்க்கரால் திரும்பப் போட்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் என்ன வாங்கலாம் என்று கேட்டால், ஒரு ரப்பர் பேண்டு. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, தொடையைச் சுற்றிப் பேண்டு போட்டு, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க மேல்முழங்காலைத் திறந்து மூடுவது, பிசியோக்கள் எல்லோரும் சொல்லித் தருவார்கள். தட்டின் விலையில் சின்னப் பங்குதான். அது தசையை வளர்க்கும், ஆனால் மடங்கிய இடுப்பில், படுத்தபடி. நீட்டிய காலில், எடை தாங்கிக்கொண்டு பிடிப்பதற்கு அது மட்டும் போதாது. தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பார் வகுப்புகளும் நல்லவை, காலில் உடல் எடையைத் தாங்காமல் இடுப்பை நேராக வைக்கப் பழகலாம். எனக்குப் பிடிக்காத ஒன்று, தவளை போலக் குப்புறப் படுத்து முழங்கால்களை விரித்து, மேலே யாரையாவது அழுத்தச் சொல்லும் பழக்கம். மூட்டின் முன்பக்கத்தை நசுக்குவதுதான் மிச்சம், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், தமிழ்ப் பெற்றோர் பலர் இதற்காகத்தான் படிப்பீர்கள். அக்கா மகள் ஆர்ஏடி (ராயல் அகாதமி ஆஃப் டான்ஸ்) நடத்தும் இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் பரீட்சைக்குத் தயாராகிறாள். வீட்டுக்கு வந்தவள் தட்டைப் பார்த்ததும், "சித்தி, நான் ஏறட்டா? என் ஃப்ரெண்ட் இதுலதான் ஃப்ளாட்டா ஆயிட்டா" என்றாள். அந்த "ஃப்ளாட்" என்கிற சொல்தான், அதாவது 180 டிகிரி, எனக்குப் பயம். பதின்வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் தசை இழுபட்டு, நேற்று வந்த கோணம் இன்று வராது, அப்போதுதான் பிள்ளைகள் பயந்துபோய் முழங்காலை முறுக்கி அதே கோணத்தைக் காட்டப் பார்ப்பார்கள். அவளை ஏற்றினேன், நான் பக்கத்தில் இருந்து, முழங்காலை மட்டும் பார்க்கச் சொல்லி. எத்தனை டிகிரி என்று படிக்க விடவில்லை. வீட்டுக்கு ஒரு ஜோடி வாங்கித் தரச் சொல்லி அக்கா கேட்டபோது, முதலில் அவளுடைய டீச்சரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாயின்ட் ஷூ போடும் வயதில் இது இன்னும் முக்கியம், சரிந்த பாதத்தோடு விரல்நுனியில் ஏறினால் முழு எடையும் தவறான இடத்தில் இறங்கும்.

கருவியால் காலைத் திருப்பும் ஆசை இன்றைக்கு வந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே காலை உள்ளே வைத்து வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்கும் பெட்டிகள் இருந்தன. பிரெஞ்சு நடன ஆசான் ழான் ஜார்ஜ் நோவெர் 1760இல் அச்சிட்ட கடிதங்களிலேயே அவற்றைக் கண்டித்திருக்கிறார். அந்தப் பெட்டி வெளியிலிருந்து காலைத் திருப்பியது. சுழல் தட்டு ஒன்றையும் திருப்பாது, நீங்கள் திருப்பினால் இடம் விடும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தால்தான் நான் இதை ஆதரிக்கிறேன். இதைப் பெட்டி மாதிரிப் பயன்படுத்தும் ஆட்களும் இருக்கிறார்கள், தட்டை விரித்து வைத்துவிட்டு மேலே ஏறி முழங்காலை நீட்டுவது. அப்படிச் செய்யும் வீடியோ கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

பரதம் ஆடுபவர்களுக்கும் இது உதவுமா என்று ஒரு தோழி கேட்டாள். உதவும் என்றுதான் நினைக்கிறேன். ருக்மிணி தேவி அருண்டேல் பரதத்துக்கு வருமுன்னே, அன்னா பாவ்லோவாவின் சொல்கேட்டு, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர், ஆகவே இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. அரைமண்டியில் லிகமென்ட் தளர்ந்திருப்பதால் திரும்புவது எளிது, ஆனால் அங்கே பாதத்தைத் தட்ட வேண்டும். முழங்கால் உள்ளே விழுந்த நிலையில் தட்டடவு வேகமாகப் போனால் ஒவ்வொரு தட்டும் முழங்காலில் போய் இறங்குகிறது. சுழல் தட்டு மேல் அடவு செய்யவே கூடாது, அது சொல்லாமலே தெரியும். மெதுவாக அரைமண்டியில் இறங்கி, முழங்கால் பாதத்தின் மேலே நிற்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். எவ்வளவு விரித்தால் இரண்டும் சரியாக இருக்கிறதோ அந்த அளவில் அடவு செய்யுங்கள்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். எடை தாங்கும் அளவு பெட்டியில் எழுதியிருக்கிறதா, உங்கள் எடையைவிட நன்றாக மேலே இருக்கிறதா. அப்புறம் திருப்பி அனுப்பும் விதி. என் கடையில் நுரையில் கால்தடம் விழுந்தால் பயன்படுத்திய பொருள் என்று மறுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதனால் முதல் சோதனையை நுரைமேல் ஒட்டியிருக்கும் மேல்தாளைக் கிழிக்காமல், மெல்லிய காலுறை போட்டு, பாரைப் பிடித்துக்கொண்டு செய்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரிச் சுழல்வது உறுதியான பிறகு தாளை உரியுங்கள்.